பச்சை அலமாரியைத் தொடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

எத்தனாம் நம்பர் உப்புத்தாள் போடணும் என்று ஒரு போட்டோவோடு ஒரே ஒரு கேள்வி அனுப்பியிருந்தாய். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் மீட்டிங் வந்துவிடுகிறது உனக்கு. அதனால்தான் எழுதுகிறேன். நடுவில் விடாமல் கடைசி வரை படி.

முதலில் ஒன்று. பாட்டியின் பச்சை அலமாரி மேல் உப்புத்தாள் மெஷினை வைக்காதே. எந்த நம்பரும் வேண்டாம், எந்தக் கம்பெனி பேப்பரும் வேண்டாம். காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். அதுவரை அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

இப்போது தாத்தா பெஞ்ச். அது நல்ல நாட்டுத் தேக்கு, பலகை கனமானது, மெஷினைத் தாங்கும். நீ மெஷினுக்கு வாங்கியிருக்கும் வட்ட உப்புத்தாள் டிஸ்க் பாக்கெட்டைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். அலுமினியம் ஆக்சைடு, அஞ்சு இன்ச், எட்டு ஓட்டை. மரத்துக்கும் மெஷினுக்கும் அதுதான் சரியான சரக்கு. தேயத் தேய அதன் மணல் உடைந்து புது முனை வந்துகொண்டே இருக்கும், அதனால் வேகமாகச் சுற்றினாலும் வெட்டு குறையாது. கறுப்பாக வரும் வாட்டர் பேப்பர் சிலிக்கான் கார்பைடு. அது இன்னும் கூர்மை, ஆனால் மரத்தில் சீக்கிரம் மழுங்கிவிடும். தண்ணீர் விட்டுக் கையால் பெயிண்ட் தேய்க்கவும், ஒரு பாலிஷ் பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் தேய்க்கவும் அதை வைத்துக்கொள். வாங்குவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாரிமுனையில் எனக்குத் தெரியாத கடையா? ஆனாலும் குறை சொல்ல முடியாதபடி சரியாகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறாய்.

பெஞ்சில் பழைய வார்னிஷ் தோல் மாதிரி உரிந்து நிற்கிறது. 80-ம் நம்பரில் ஆரம்பி. நம்பர் ஏற ஏற மணல் பொடியாகும். 60 போட்டால் சீக்கிரம் போகும் என்று தோன்றும். போகும்தான், ஆனால் அது விட்டுப்போகும் கீறலை எடுக்கவே அரை நாள் ஆகும். 80, அப்புறம் 120, அப்புறம் 180. நடுவில் ஒன்றைத் தாண்டி ஓடாதே. 80 போட்ட பள்ளத்தை 120-தான் எடுக்கணும், 180-க்கு அந்தச் சக்தி கிடையாது. தாண்டி ஓடினால் மேலே பளபளவென்று இருக்கும், பாலிஷ் ஏறியவுடன் சின்னச் சின்னச் சுருள் கீறல்கள் எல்லாம் வெளியே வந்து நிற்கும். அப்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு நம்பருக்கு முன்னாலும் பலகை முழுக்கப் பென்சிலால் லேசாகக் கோடு கிறுக்கிவிடு. கோடு எல்லாம் போன பிறகுதான் அடுத்த நம்பர். எங்கே கோடு மிச்சம் இருக்கிறதோ அங்கே பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். மாற்றும் முன் தூசியைச் சுத்தமாகத் துடை. 80-ன் ஒரு மணல் பலகையில் கிடந்து 180-க்கு அடியில் மாட்டினால் போதும், அவ்வளவு வேலையும் வீண். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து அடித்துப் பார். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது.

மெஷினை அழுத்தாதே. அதன் கனமே போதும். அழுத்தினால் சுற்று குறையும், சூடு ஏறும், அடியில் இருக்கும் வெல்க்ரோவின் கொக்கி உருகும், அப்புறம் டிஸ்க் ஒட்டாமல் பறந்துகொண்டே இருக்கும். பலகை மேல் படிய வைத்துவிட்டு ஸ்விட்சைப் போடு. நொடிக்கு ஒரு இன்ச் கணக்கில் நகர்த்தினால் போதும். இதெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டே பட்டறைக்குள் வந்து, பாலிஷுக்குத் தயாராக நிற்கும் கட்டில் மேல் உள்ளங்கையால் தடவி, "இங்க இன்னும் பிசிறு இருக்குப்பா" என்று சொன்னவள் நீ. கண்ணை நம்பாமல் கையை நம்பத் தெரிந்த பிள்ளை. எனக்கிருந்த ஆட்களில் பாதிப் பேருக்கு அது கடைசி வரை வரவில்லை.

180-க்கு மேல் தேக்குக்கு வேண்டாம். எண்ணெய்தான் போடப்போகிறாய் என்றால் 220 வரை போகலாம். அதற்கு மேல் போனால் மரம் கண்ணாடி மாதிரி மூடிக்கொள்ளும், எண்ணெயும் மரச்சாயமும் உள்ளே இறங்காது. கடைசியில் மெஷினை ஓரம் கட்டிவிட்டு, அதே நம்பர் தாளை ஒரு கட்டையில் சுற்றி, நார் ஓடும் வாட்டத்தில் கையால் நாலு இழுப்பு இழுத்துவிடு. முனைகளை மெஷினில் கொடுக்காதே, நொடியில் உருண்டுபோகும். தேக்கின் பிசினும் வார்னிஷும் டிஸ்க்கை அடைக்கும். தூக்கி எறியாதே. பழைய செருப்பின் க்ரேப் ரப்பர் அடியை, ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் வைத்தால் அடைசல் உருண்டு வந்துவிடும். இங்கே சென்னை ஈரக்காற்றில் பேப்பர் சுருண்டுபோகும் என்று நான் டிரங்குப் பெட்டியில் போட்டு வைப்பேன். உங்கள் பெங்களூரில் அந்தத் தொல்லை குறைவு, ஆனாலும் தரையில் போட்டு வைக்காதே.

கம்ப்யூட்டர் டேபிளை மட்டும் மெஷினில் தேய்க்க நினைக்காதே. அது பிளைவுட், மேலே இருக்கும் தேக்குத் தோல் ஒரு மில்லிமீட்டர் கூட வராது. 180-ஐக் கையில் எடுத்து மெதுவாக, அவ்வளவுதான். அந்த டேபிள் சின்ன ரூமில்தானே இருந்தது. படத்தில் ஹாலில் இருக்கிறது. சின்ன ரூமில் பெஞ்சும் அலமாரியும் தவிர ஒரு சாமானும் இல்லை, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் அந்தப் படத்தை வெகுநேரம் வைத்துப் பார்த்தாள். போன கார்த்திகைக்கு அப்புறம் உன்னிடம் யாரும் எதையும் துருவிக் கேட்கக்கூடாது என்று அவள் எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். நானும் கேட்கப்போவதில்லை.

ஆனால் அலமாரியைப் பற்றி நான் பேசித்தான் ஆகணும்.

அந்தப் பச்சை, அத்தை கல்யாணத்தின்போது தாத்தா அடித்தது. அதற்குக் கீழே ஒரு மஞ்சள் கோட் இருக்கிறது, இடது கதவின் கீல் பக்கம் சுரண்டிய இடத்தில் தெரியும். அந்தக் காலத்து எனாமல் பெயிண்டில் ஈயம் போடுவார்கள். நிறம் பளிச்சென்று நிற்கும், சீக்கிரம் காயும், வெயிலுக்கு அசையாது. மஞ்சள், பச்சை, சிவப்பில்தான் அது அதிகம். பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பரில்தான் அது அமலுக்கு வந்தது. நம் அலமாரி அதற்கெல்லாம் எத்தனையோ வருஷம் மூத்தது.

பெயிண்ட் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் வரை பெரிய தொந்தரவு இல்லை. மெஷின் வைத்தால்தான் வம்பு. அந்த டிஸ்க் அதைக் கண்ணுக்குத் தெரியாத தூளாக்கிக் காற்றில் விடும். மெஷினின் பை அதைப் பிடிக்காது, வீட்டு வாக்குவம் ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் ஊதிவிடும். திரையில், பாயில், ஜன்னல் திட்டில் போய் உட்காரும். மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். இவ்வளவு வரை உடம்புக்குள் போனால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரியவர்கள் உடம்பில் அது எலும்பில் போய்த் தங்கும். தங்கியது அங்கேயே சும்மா இருக்காது, உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுக்கும் காலத்தில் அதுவும் கூடவே ரத்தத்துக்கு வரும். எந்தக் காலத்தில் அப்படி எடுக்கும் என்று நீயே டாக்டரிடம் கேட்டுக்கொள். தரையில் தவழ்கிறவர்களுக்குத்தான் ஆபத்து இன்னும் அதிகம், கையில் ஒட்டியது வாய்க்குப் போய்விடும்.

ஆகவே பச்சை அலமாரியை மெஷினில் தேய்க்காதே. கையாலும் காய்ந்த தாள் போட்டுத் தேய்க்காதே. ஹீட் கன் வைக்காதே, சூட்டில் புகையாக வந்தால் அது இன்னும் மோசம். பெயிண்ட் ரிமூவர் ஊற்றலாமே என்று மாப்பிள்ளை சொல்லலாம். அந்த வாடையும் உனக்கு ஆகாது. இந்த நேரத்தில் எதுவும் ஆகாது என்றே வைத்துக்கொள்.

புதுப் பெயிண்ட் விஷயம் வேறு. உங்கள் பால்கனிக் கதவு, கட்டிடம் 2020-க்கு அப்புறம் கட்டியது, அதில் இந்தப் பயம் குறைவு. அதன் மேல் மறுபடி அடிக்கப்போகிறாய் என்றால் முழுக்க உரிக்கத் தேவையில்லை, 180 அல்லது 220-ல் மினுமினுப்பு மட்டும் போனால் புதுக் கோட் பிடித்துக்கொள்ளும். அதற்கு மணல் நெருக்கமில்லாமல் விட்டு விட்டு இருக்கும் டிஸ்க்காக, மேலே வெள்ளைப் பவுடர் பூசியதாக வாங்கு. அந்தப் பூச்சு ஸ்டீயரேட் என்பது, சோப்பு மாதிரி வழுக்கும், பெயிண்ட் தூளை ஒட்டவிடாது. மெஷினின் வேகத்தைக் குறைத்து வை. வேகம் கூடினால் எனாமல் இளகிப் பிசின் மாதிரி டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும். ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே 320 வாட்டர் பேப்பர், கையால்.

பெஞ்சோ கதவோ, எதுவானாலும் என்95 மாஸ்க் இல்லாமல் மெஷினைத் தொட வேண்டாம். துணி மாஸ்க் தூசிக்குக் காணாது. மரத்தூசி ஒன்றும் சந்தனம் இல்லை, புற்றுநோய் வரவைக்கும் பொருள்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. தேக்குத் தூசி சிலருக்கு உடம்பெல்லாம் அரிக்கும், இழுப்பு வரும். நான் நினைப்பதைச் சொல்லவா? பெஞ்சையும் மாப்பிள்ளையே தேய்க்கட்டும், பால்கனியில், கதவைச் சாத்திவிட்டு. நீ உள்ளே இருந்து நம்பரைச் சொல்லு, போதும். அவருக்கு இதெல்லாம் பழக்கம் இல்லைதான், ஆனால் சொல்லிக்கொடுத்தால் பொறுமையாகச் செய்கிறவர். முடிந்த பிறகு அவர் குளித்துத் துணி மாற்றிவிட்டு உள்ளே வரட்டும். அந்தத் துணியை உன் துணியோடு துவைக்க வேண்டாம்.

உனக்கு இது பிடிக்காது என்று தெரியும். மெஷினைப் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டு சும்மா உட்காரச் சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும். உங்கள் மாடியில் எல்லோரும் ஆன்லைனில் சாமான் வாங்கி நிரப்பும்போது, தாத்தா பெஞ்சும் பாட்டி அலமாரியும்தான் அந்த ரூமில் இருக்கணும் என்று நீ லாரியில் ஏற்றிக்கொண்டு போனாய். நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பட்டறையில் எல்லோரிடமும் சொன்னேன். சந்தோஷம்தான். ஆனால் இத்தனை நாளில் ஒரு போன், அதிலும் உப்புத்தாள் மட்டும்தானா பாப்பா? அம்மா ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

சரி, இதுதான் ஏற்பாடு. அலமாரியை ஒரு பிளாஸ்டிக் ஷீட்டில் முழுக்கச் சுற்றி, டேப் ஒட்டி, பால்கனி ஓரத்தில் வைக்கச் சொல். நீ தூக்காதே, நகர்த்தக்கூட வேண்டாம். மாப்பிள்ளையும் வாட்ச்மேனும் சேர்ந்து தூக்கட்டும். கீழே உதிர்ந்த சில்லு இருந்தால் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் ஒற்றி எடுத்துப் பையோடு கட்டி வெளியே போட்டுவிடட்டும். சனிக்கிழமை பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் மத்தியானம் அங்கே இருப்பேன். அலமாரியை லாரி ஆபீஸில் போட்டு இங்கேயே கொண்டுவந்துவிடுகிறேன். நம் பட்டறையில், தண்ணீர் விட்டு, வாட்டர் பேப்பரால் கையால் தேய்த்து, கழிவு நீரைத் தனியாகப் பிடித்து நானே உரித்துக்கொள்கிறேன். எனக்கு அதற்கு முகமூடி இருக்கிறது. அடியில் இருப்பது வேங்கை என்று நினைக்கிறேன், நல்ல மரம். ஈயம் இல்லை என்று எழுதியிருக்கும் பெயிண்ட் பார்த்து வாங்குகிறேன். நிறத்தை நீ சொல். மறுபடி பச்சை வேண்டுமானாலும் அடித்துத் தருகிறேன். உனக்கு எப்போது தேவைப்படும் என்று மாசத்தை மட்டும் சொன்னால், வாடை முழுக்கப் போகிற மாதிரி முன்கூட்டியே முடித்து வைப்பேன்.

இதைப் படித்ததும் அலமாரியைச் சுற்றியாச்சு என்று ஒரு வரி போடு. மீட்டிங் நடுவிலாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா