ஆக்சிஜன் மீட்டரில் விரல் வைக்கும் முன்
படியேறி வந்த கையோடு பார்க்காதீர்கள். 5 நிமிடம் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் அசையாமல் வைத்து, நடுவிரலை நகம் மேலே இருக்க முட்டும்வரை நுழையுங்கள். முதலில் வரும் எண் வேண்டாம். ஒரு நிமிடம் கழித்து நிலைத்து நிற்பதைக் குறியுங்கள். 95ம் அதற்கு மேலும் சரி. 92–94 என்றால் டாக்டரிடம் பேசுங்கள். அதற்குக் கீழே என்றால், அல்லது எண் எதுவானாலும் மூச்சு வாங்கினால், ஆஸ்பத்திரி.

நகப்பூச்சு, மருதாணி, குளிர்ந்த கை, முற்றத்து வெயில் எல்லாமே எண்ணைக் கெடுக்கும். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடித்து வருபவர்கள் விரலில் காய்ந்த ரப்பர் பாலை உரித்துக் கழுவிவிட்டு வையுங்கள். மணிக்கட்டில் எண்ணிய நாடியும் மீட்டர் நாடியும் ஒத்துப்போகாவிட்டால் ஆக்சிஜன் எண்ணையும் நம்ப முடியாது.

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையில் மயங்கியவருக்கு 98 காட்டினாலும் ஏமாறாதீர்கள். புகையில் உள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு கலந்த ரத்தத்தையும் மீட்டர் ஆக்சிஜன் என்றே எண்ணும். காற்றோட்டத்துக்குக் கொண்டுவந்து உடனே 108.