உளுந்தூர்பேட்டையில் உதவிய ஐயாவுக்கு நன்றி

போன ஞாயிறு உளுந்தூர்பேட்டை தாண்டி, டீக்கடை ஓரமாக எங்கள் 1978 அம்பாசடரைப் பார்த்துக் கொடுத்த ஐயாவுக்கு மனமார்ந்த நன்றி. பதற்றத்தில் பெயர் கேட்க விட்டுப்போனது.

வண்டி இன்ஜினில் வந்த ‘டக் டக்’ சத்தத்துக்கு, பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும் என்று ஏற்கெனவே பயமுறுத்தியிருந்தார்கள். நீங்கள் இன்ஜின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி, சத்தம் குறைகிறதா என்று பார்த்தீர்கள். “ராடு பேரிங்னா இந்நேரம் சத்தம் குறைஞ்சிருக்கும் தம்பி” என்றீர்கள். அப்புறம் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிஷம் மட்டும் ஓடவிட்டீர்கள். சத்தம் நின்றே போனது! திரும்ப பெல்ட்டை மாட்டி, நீள ஸ்க்ரூடிரைவரை, அந்த பெல்ட்டால் சுற்றி பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து என்னையும் கேட்கச் சொன்னீர்கள். டைனமோவின் புல்லி நட்டுதான் தளர்ந்திருந்தது.

அப்பா ஆசையாக ஓட்டிய வண்டி. பணம் வேண்டாம் என்று டீ மட்டும் குடித்தீர்கள். வீடு வரை சத்தமே இல்லை, ஐயா.