எதன் பங்கு என்று முதலில் கேள்

தலவாக்கலை

அன்பு மகளுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய ஐந்து கணக்கையும் கொப்பியில் திரும்பச் செய்து பார்த்தேன். பெருக்கல் வகுத்தலில் உனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஒரு பின்னத்தைக் கண்டதும் அது எதன் பங்கு என்று பார்க்காமல் கூட்டத் தொடங்கிவிடுகிறாய். பிழை அங்கேதான் வருகிறது.

சம்பளக் கணக்கையே எடு. ஒருவர் சம்பளத்தில் 2/5 பங்கை வீட்டுக்கு அனுப்புகிறார். மீதியில் 1/3 பங்கு போர்டிங் காசு. கையில் 18,000 ரூபா. சம்பளம் எவ்வளவு? நீ 2/5 ஐயும் 1/3 ஐயும் கூட்டி 11/15 எடுத்து, மிச்சம் 4/15, ஆகவே 67,500 என்று போட்டிருக்கிறாய். தெரிவுக்குத் தந்த விடைகளில் 67,500 உம் இருந்ததால் உனக்குச் சந்தேகமே வரவில்லை. வினாத்தாள் தயாரிக்கிறவர்களுக்குப் பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்று தெரியும், அந்த எண்ணையும் விடைகளுக்குள் வைத்துவிடுவார்கள். விடை வரிசையில் இருப்பதை நம்பி ஒருநாளும் குறியிடாதே.

2/5 சம்பளத்தின் பங்கு. 1/3 மீதியின் பங்கு. முழு வேறு வேறாக இருக்கும்போது இரண்டையும் கூட்ட முடியாது. "மீதியில்" என்ற சொல்லைக் கண்டால் கொடுத்ததை விட்டுவிட்டு, எஞ்சியதைப் பெருக்கிக்கொண்டு போ: 3/5 × 2/3 = 2/5. இது 18,000 என்றால் 1/5 என்பது 9,000, சம்பளம் 45,000. இனித் திருப்பிப் பார்: 45,000 இல் 18,000 போனால் 27,000, அதில் 9,000 போனால் 18,000. சரி பார்க்க அரை நிமிசம்கூட ஆகாது, அதை மட்டும் விடாதே.

இரண்டாவது பிழை "இன்" இருந்த கணக்கு. 3/4 ÷ 3/5 இன் 1/2. இடமிருந்து வலமாகப் போய் 5/8 என்று எழுதியிருக்கிறாய். நம் பாடப்புத்தக ஒழுங்கில் அடைப்புக்கு அடுத்தது "இன்", அதற்குப் பிறகுதான் வகுத்தலும் பெருக்கலும். 3/5 இன் 1/2 ஒரே துண்டு, 3/10. அதால் 3/4 ஐ வகுத்தால் 3/4 × 10/3, அதாவது 2½. கணக்கைத் தொடமுன் "இன்" வரும் துண்டைப் பென்சிலால் அடைப்புக்குள் போட்டுவிடு.

இந்த "இன்" நம் பேச்சிலேயே இருக்கிறது. அரைக்கால் என்றால் காலின் அரை, 1/8. அதன் அரை 1/16, அதற்குப் பெயர் மாகாணி. மா என்பது 1/20, காணி என்பது 1/80. சேர்த்துப் பார்: 4/80 + 1/80 = 5/80 = 1/16. பகுதியை, அதாவது கீழ் எண்ணை, சமப்படுத்தித்தான் கூட்ட வேண்டும் என்ற பாடம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பரீட்சையில் இந்தப் பெயர்கள் வராது, ஆனால் 1/2, 1/4, 1/8, 1/16 என்று பாதி பாதியாக இறங்கும் பழக்கம் மிகவும் உதவும்.

எப்படி என்று காட்டுகிறேன். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். இங்கே லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை அறைகளுக்கு, பதிலாக வீடு கட்டக் கொடுப்பதாகப் பேசப்படும் 7 பேர்ச்சஸ் நிலம், ஏக்கரில் தசமமாக எவ்வளவு? 7/160. நெடும் வகுத்தல் போடாதே. 160 என்பது 16 தரம் 10. பதினாறால் வகுக்க நாலு தரம் பாதியாக்கினால் போதும்: 7, 3.5, 1.75, 0.875, 0.4375. இனிப் பத்தால் வகுக்கப் புள்ளியை ஒரு தானம் இடப்பக்கம் தள்ளு: 0.04375. நிலம் 10 பேர்ச்சஸ் என்றால் 10/160, சரியாக ஒரு மாகாணி, 0.0625.

7/160 முடிவுறு தசமம் என்று வகுக்காமலே சொல்லலாம். பின்னத்தை முதலில் சுருக்கு. பிறகு பகுதியின் முதன்மைக் காரணிகளில் 2 உம் 5 உம் மட்டும் இருந்தால் தசமம் முடியும், வேறொன்று இருந்தால் மீளும், அதாவது இலக்கங்கள் முடியாமல் திரும்பத் திரும்ப வரும். 160 இல் ஐந்து 2, ஒரு 5. இரண்டு எண்ணிக்கையில் பெரியது ஐந்து, ஆகவே ஐந்து தசம தானம். சுருக்காமல் பார்த்தால் ஏமாறுவாய்: 6/15 இல் 3 தெரியும், ஆனால் அது 2/5, அதாவது 0.4.

மீளும் தசமத்தைப் பின்னமாக்குவதில் நீ சரியாகத்தான் போகிறாய். 0.272727… என்றால் 27/99, அதாவது 3/11. 0.2777… இல் 2 மீளாது, ஆகவே (27 − 2)/90 = 5/18. மீளாத இலக்கத்தைக் கழிக்க மறக்காமல் இருந்தால் போதும்.

தசமத்தில் நீ விட்டது ஒன்றுதான், 0.3 × 0.2 = 0.6. மூன்று பத்திலொன்றையும் இரண்டு பத்திலொன்றையும் பெருக்கினால் ஆறு நூறிலொன்றுதான் வரும், 0.06. 0.3 இல் ஐந்திலொரு பங்கு எடுக்கும்போது 0.3 ஐவிடக் கூடிய விடை எப்படி வரும்? வகுத்தலில் இரண்டையும் முழு எண்ணாக்கிவிடு: 0.6 ÷ 0.02 என்பது 60 ÷ 2, விடை 30. 0.5, 0.45, 0.405 இல் பெரியது எது என்று கேட்டால் 0.500, 0.450, 0.405 என்று சைபர் போட்டு எழுது. இலக்கம் நீளமாக இருப்பது பெரியதில்லை.

பின்னங்களை ஒப்பிட எப்போதும் பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) தேடி நேரத்தைச் செலவழிக்காதே. 7/12 ஆ 5/8 ஆ? குறுக்கே பெருக்கு: 7 × 8 = 56, 5 × 12 = 60. அறுபது 5/8 இன் பக்கம், அதுதான் பெரியது. 11/12 உம் 13/14 உம் வந்தால் பெருக்கவே வேண்டாம். முழுவாக ஆக முதலாவதுக்கு 1/12 குறை, மற்றதுக்கு 1/14 குறை. குறை குறைந்தது பெரியது.

நேரக் கணக்கிலும் முழுவைப் பார். ரயில் 2.4 மணித்தியாலம் ஓடினால் 2 மணி 40 நிமிசம் இல்லை. 60 இன் 0.4 என்பது 24, ஆகவே 2 மணி 24 நிமிசம். அதேபோல 3 மணி 15 நிமிசம் 3.25 மணித்தியாலம், 3.15 இல்லை.

எட்டிலொன்று வரிசை 0.125, 0.375, 0.625, 0.875 நாக்கில் இருக்கட்டும். 1/6 = 0.1666…, 1/7 = 0.142857…, 1/12 = 0.08333… உம் அப்படியே. பயிற்சி செய்யும்போது போனில் உள்ள கல்குலேட்டரைத் திறக்காதே மகள், விரலுக்கு அது பழகினால் மண்டபத்தில் கை தடுமாறும்.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு கிலோ தேயிலைத்தூள் 1,600 ரூபா. விலை கால்வாசி கூடியது. அடுத்த மாதம் கூடிய விலையில் கால்வாசி குறைந்தது. பழைய விலைக்கு வராமல் சரியாக ஒரு மாகாணி குறைகிறது. ஏன் என்றும், பழைய விலைக்கே வர எத்தனை பங்கு குறைய வேண்டும் என்றும் ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது சொல்லு.

அன்புடன்,
அப்பா