அக்காவுக்கு, டிக்கெட் எடுத்த பிறகு

அக்கா,

ஹாங்காங். நவம்பர் கடைசி வாரம். ஒரு டிக்கெட்தான் எடுத்திருக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் "நல்லது, போய்விட்டு வா" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருப்பாய். இங்கே எழுதினால் கடைசிவரை படித்தாக வேண்டும். தவிர, நம் பயணக் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் "அக்கா எங்கே, அடுத்த தீவு எது" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: அக்கா நலமாக இருக்கிறாள். மற்றவை எங்கள் வீட்டு விஷயம்.

உன்னைக் கேட்காமல் எடுத்ததற்கு மன்னித்துக்கொள். ஆனால் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "உன் இஷ்டம்." ஊர் தேடும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு, போய் இறங்கியதும் நீ விருந்தாளி ஆகிவிடுவாய். ஊர் பிடித்துப்போனால் நம் இருவருக்கும் அதிர்ஷ்டம். பிடிக்காமல் போனால் அது நான் தேர்ந்தெடுத்த ஊர். பெருந்தன்மை போலத் தெரிகிற இந்தத் தந்திரம் எனக்குப் பிடிபடவே வெகுகாலம் ஆயிற்று. தந்திரம் என்பது கொஞ்சம் அதிகம்தான். இருக்கட்டும், அழிக்கப் போவதில்லை.

"எல்லாத் தீவும் ஒன்றுதானே, மணலும் தென்னையும்" என்று ஒருமுறை சொன்னாய். அந்த மணலுக்கும் தென்னைக்கும் பின்னால் எத்தனை மழைக் கணக்கு இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. மே முதல் அக்டோபர் வரை புக்கெட்டில் மழையும் பெரிய அலையும் என்றால், அதே தாய்லாந்தின் கிழக்குக் கடலில் இருக்கிற கோ சமுயியில் அக்டோபர், நவம்பரில்தான் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். பாலியில் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை ஈரம். மொரிஷியஸில் ஆண்டின் முதல் மூன்று மாதமும் புயல் பயம். தாய்லாந்தின் மாயா விரிகுடா வேண்டும் என்று நீ படத்தைக் காட்டியபோது, கூட்டம் மிதித்துப் பவளப்பாறையை நாசமாக்கியதால் 2018இல் அதை மூடிவிட்டார்கள், 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள், இப்போதும் அங்கே நீந்த விடமாட்டார்கள் என்றெல்லாம் தேடிப் படித்தது நான். மாலத்தீவில் கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும், நம் விமானம் இருட்டிய பிறகு இறங்கினால் அன்றிரவு மாலேயில்தான் கிடக்க வேண்டும் என்று கண்டுபிடித்ததும் நான்தான். நீ "அடடா, ஒரு ராத்திரி வீணாகிவிடுமே" என்றாய். அதோடு மாலத்தீவு போயிற்று.

ஆனால் இவ்வளவும் பார்த்த எனக்கு, ஆப்பிரிக்காவின் கிழக்கே இருக்கிற ஜான்சிபார் தீவில் ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் கணக்கு, பார்க்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நாம் வடக்கே நுங்க்வியிலோ கெந்த்வாவிலோ தங்கியிருப்போம். அந்தப் பக்கம் எந்த நேரமும் நீந்தலாம். நாம் போனதோ கிழக்குக் கரைக்கு, ஜம்பியானிக்கு, அதுவும் பௌர்ணமியன்று.

அந்தக் காலை உனக்கு எப்படி நினைவிருக்கிறதோ தெரியாது. எனக்கு அந்த நீலத் துண்டிலிருந்து தொடங்குகிறது. பெட்டியைக்கூடத் திறக்காமல் துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு விடுதியின் பின்வாசலுக்குப் போனாய். நான் பின்னாலேயே வந்தேன். கடல் இல்லை. படத்தில் நாம் பார்த்த அந்தப் பச்சை நீலத் தண்ணீர் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், பவளத்திட்டில் ஒரு வெள்ளைக் கோடாக நுரைத்துக்கொண்டிருந்தது. நமக்கும் அதற்கும் நடுவே ஈர மணல். பக்கவாட்டில் கட்டைகள் நீண்ட மரப்படகுகள் தரையில் சாய்ந்து கிடந்தன. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஓதம் பெரிதாக இருக்கும், அந்தக் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நான்கு மீட்டர்வரை வித்தியாசம் வரும் என்று விடுதிக்காரர் விளக்கினார். நீ தலையாட்டிக் கேட்டாய். பிறகு என்னைப் பார்த்து, "அழகாகத்தான் இருக்கிறது" என்றாய்.

அந்தத் "தான்" என்னைக் குத்தியது. செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று கடலைத் தேடி நடக்க ஆரம்பித்தேன். நீ வருகிறாயா என்று திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் சளக் சளக் என்று சத்தம் கேட்டது.

கணுக்காலளவு தண்ணீர் வெந்நீராகக் கொதித்தது. குழிகளில் கறுப்பு முள்ளாகச் சிலிர்த்துக்கொண்டு கடல் முள்ளெலிகள் உட்கார்ந்திருந்தன. "காலைப் பார்த்து வை" என்று நீ நான்கடிக்கு ஒருமுறை சொன்னாய். அப்புறம் அந்தக் குச்சிகள். மணலில் வரிசை வரிசையாக நட்டு, குச்சிக்குக் குச்சி கயிறு கட்டி, கயிறு நெடுகக் கடற்பாசியைக் கொத்துக் கொத்தாக முடிந்திருந்தார்கள். ஜான்சிபார்ப் பெண்களின் வயல் அது. காயவைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். அதிலிருந்து எடுக்கிற பசைதான் பற்பசையிலும் ஐஸ்கிரீமிலும் சேர்கிறது. இடுப்பில் பூப்போட்ட துணி சுற்றிய ஒரு அம்மாள் நீ குனிந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு கொத்தை உன் கையில் கொடுத்துக் கயிற்றைக் காட்டினாள். நீ முழங்கால் நனைய உட்கார்ந்து முடிச்சுப் போட்டாய். அவள் அவிழ்த்தாள். மறுபடி போட்டாய். மறுபடி அவிழ்த்தாள். இறுக்கிக் கட்டினால் பாசி அறுந்துவிடுமாம், தளர்த்திக் கட்டினால் அலை கொண்டுபோய்விடுமாம், சைகையிலேயே சொன்னாள். கடைசியில் ஒரு முடிச்சை அவிழ்க்காமல் விட்டபோது நீ சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

பிறகு அவள் எழுந்து தூரத்து வெள்ளைக் கோட்டைக் காட்டி, கரையைக் காட்டி, போங்கள் போங்கள் என்று கையை வீசினாள். ஓதம் திரும்புகிறபோது அலையாக வருவதில்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். முன்னால் பார்த்தால் ஒன்றுமில்லை. பின்னால், நாம் நடந்து வந்த பள்ளங்கள் ஓசையில்லாமல் நிரம்பிவிட்டன. நடுவில் ஓரிடத்தில் இடுப்பளவு. உனக்கு நீச்சல் தெரியாது. என் தோளைப் பிடித்தாய். உன் நகம் பதிந்தது.

பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்றுதான் கேட்டேன்: "உன்னையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் எங்கே போயிருப்பாய்?"

நீ யோசிக்கவே இல்லை. "கூட்டம் இருக்கிற ஊருக்கு" என்றாய். "நிறையப் பேர் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்க வேண்டும். அதில் ஒருவருக்கும் என்னைத் தெரியக் கூடாது."

"அப்படியென்றால் எதற்கு ஒவ்வொரு முறையும் தீவு?"

"உனக்குத்தான் கடல் பிடிக்குமே."

எனக்கா? உனக்கு ஓய்வு வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. உனக்காகத்தான் நான் தீவு தீவாகத் தேடினேன். சிரித்திருக்க வேண்டிய இடம். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தோளிலிருந்து உன் கையை எடுத்துவிட்டுவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. எடுக்கவில்லை. கரைவரை அப்படியே வந்தோம்.

நீ சொன்னதை அப்போது நான் முழுதாக நம்பவில்லை. கடைசி நாள், ஜான்சிபாரின் பழைய நகரமான ஸ்டோன் டவுனில் நம்பினேன். நான் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். நீ "சும்மா ஒரு சுற்று" என்று கிளம்பியவள் இருட்டி வெகுநேரம் கழித்து வந்தாய். சந்து சந்தாக வழி தவறி, பித்தளைக் குமிழ் வைத்த அதே மரக்கதவை மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்தேன் என்று சொன்னாய். பயமாக இல்லையா என்று கேட்டதற்கு உன் முகம் இருந்த இருப்பு, ஜம்பியானியில் ஒருநாளும் இருந்ததில்லை.

ஆகவேதான் ஹாங்காங்கை எடுத்தேன், முதல் தடவை. அந்த முறை கடைசி வாரத்தில் நீ வரவில்லை என்றதற்குக் காரணம் எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். அத்தானும் இதைப் படிக்கிறார். அவருக்கு என் வணக்கம். டிக்கெட் பணம் திரும்பி வரவில்லை, போகட்டும். போகட்டும் என்று எழுதிவிட்டேனே தவிர, இன்னும் போகவில்லை. பணத்தைச் சொல்லவில்லை. ஒரு வரிச் செய்தியில் சொன்னாயே, அதைச் சொல்கிறேன். அந்த வரியிலும் "நீ போய்விட்டு வா, உன் இஷ்டம்" என்று இருந்தது.

இந்த முறை வேறு ஊர்களையும் பார்த்தேன், உன்னை மனதில் வைத்துத்தான். சிங்கப்பூரை எல்லோரும் சொன்னார்கள். நவம்பர் இறுதியில் அங்கே மழை. அதைவிட, தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிற ஊரில் பத்தடிக்கு ஒரு தமிழ்ப் பேச்சு காதில் விழும், உன்னால் தொலைந்து போகவே முடியாது. மொரிஷியஸின் ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கிறது. வேறொரு வருடம் பார்க்கலாம். இஸ்தான்புல் எனக்கு மிகவும் பிடித்த யோசனை: காலையில் ஒரு கண்டம், படகேறினால் மத்தியானம் இன்னொரு கண்டம். ஆனால் அந்த மாதத்தில் குளிரும் மழையும். உன் முழங்கால் வலியை நான் மறக்கவில்லை.

ஹாங்காங்கில் அப்போது புயல் காலம் அநேகமாக ஓய்ந்து, வானம் வெளுத்து, நடக்க ஏற்ற குளிர்ச்சி வந்திருக்கும். முழங்காலுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. சென்ட்ரல் என்கிற வணிகப் பகுதியிலிருந்து மலைச்சரிவில் இருக்கிற குடியிருப்புகள்வரை எண்ணூறு மீட்டர் நீளத்துக்கு நகரும் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள், 1993இலிருந்து. காலை பத்து மணிவரை வேலைக்குப் போகிறவர்களுக்காக அது கீழ்நோக்கி ஓடும். அதன் பிறகு நள்ளிரவுவரை மேல்நோக்கி. ஆகவே பத்து மணிக்கு மேல் கிளம்பினால் போதும், மலையேறும் கஷ்டம் இல்லை. 1904இல் தொடங்கிய டிராம் இன்றும் ஓடுகிறது, இரண்டு அடுக்கு. பின்வாசலில் ஏற வேண்டும், இறங்கும்போது முன்பக்கம் பணம் போட வேண்டும், எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். மேல்தட்டில் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு கடைசி நிறுத்தம்வரை சும்மா போகலாம். ஒருவரும் உன்னிடம் அடுத்து என்ன என்று கேட்க மாட்டார்கள்.

நகரத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். தீவில் இரண்டு பேருக்கு மனஸ்தாபம் வந்தால் அதே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கடலைத் தவிர பார்ப்பதற்கு எதிரில் இருப்பவரின் முகம்தான். நகரத்தில் ஒருவர் டிராமிலிருந்து இறங்கிக்கொள்ளலாம். ராத்திரிக்குள் கோபம் கரைந்துவிடும், அல்லது கால் வலியில் மறந்துவிடும்.

கடலே வேண்டாம் என்பதல்ல. ஹாங்காங்கைச் சுற்றி இருநூறுக்கு மேல் தீவுகள். சென்ட்ரல் படகுத்துறையிலிருந்து லம்மா தீவுக்குப் படகு போகிறது. அங்கே கார்களே கிடையாது. ஒருநாள் நான் அங்கே போவேன். அன்றைக்கு நீ...

பார், நீ வருவாய் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். ஒரு டிக்கெட்தான் எடுத்தேன் என்று முதலில் சொன்னது உண்மை. இரண்டாவதை எடுத்து வைத்து, மறுபடியும் ஒரு வரிச் செய்திக்குக் காத்திருக்க என்னால் ஆகாது. நீ வராவிட்டாலும் நான் போகிறேன், சந்தோஷமாகவே போகிறேன். சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

ஹாங்காங் அறைகள் மிகச் சிறியவை. பெட்டியைத் தரையில் திறந்தால் நாம் கட்டிலில் ஏறி நிற்க வேண்டும். இப்போது எடுத்திருப்பது ஒற்றைக் கட்டில் அறை. வெள்ளிக்கிழமைவரை கட்டணம் இல்லாமல் மாற்றலாம். அதே விமானத்தில் இடம் இருக்கிறது, இன்று காலைகூடப் பார்த்தேன். உன் பாஸ்போர்ட் முடியப் போகிறது என்று நினைக்கிறேன், எடுத்துத் தேதியைப் பார். வருவதாக இருந்தால் டிக்கெட்டை நீயே எடு, அறையை நான் மாற்றிக்கொள்கிறேன்.

உன் தங்கை