பெரியப்பாவுக்கு நீ போட்ட மண்டையோடு

எய்யா,

நம்ம குடும்ப குரூப்புல பெரியப்பா போட்ட ஜோக்குக்கு நீ மண்டையோடு போட்டிருக்க. ‘சிரிச்சே செத்தேன்’னு உங்க வயசுப் பிள்ளைங்க அதைப் போடுவீங்கன்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில இருந்து இப்பதான் வீட்டுக்கு வந்திருக்க மனுஷனுக்கு அது தெரியுமா? வாட்ஸ்அப்புல செய்தியை அழுத்திப் பிடிச்சா முதல்ல ஆறு படம்தான் வரும்: கட்டைவிரல், இதயம், கண்ணீரோட சிரிப்பு, வாயைப் பிளக்கது, ஒத்தைச் சொட்டு அழுகை, கும்பிடு. மண்டையோடு அதுல கிடையாது. கூட்டல் குறியைத் தட்டி, தேடி எடுத்துப் போட்டிருக்கான்னு பெரியம்மா நினைக்காங்க. அந்தப் படத்தைத் தொட்டு, உன் பேரு மேல தட்டினா போயிரும். எடுத்துட்டு, ஒரு போன் பண்ணிரு.

துஷ்டிச் செய்திக்கு அத்தை சிரிப்பு போட்டாங்கன்னு நீங்கள்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சிரிக்கீங்க. ரெண்டு முகத்துலயும் கண்ணீர் இருக்குய்யா. கண்ணோரம் சொட்டு நின்னா சிரிப்பு. கன்னம் ரெண்டுலயும் வாய்க்கால் மாதிரி ஓடினா அழுகை. புரை விழுந்த கண்ணுக்கு அது எங்க தெரியும்? மூக்குல குமிழ் தொங்குத முகத்தையும் அழுகைன்னுதான் அத்தை போடுதாங்க. ஜப்பான் படக்கதையில உறக்கத்தைக் காட்டுத குமிழ் அது. நீங்க மட்டும் என்ன, அந்த வாய்க்கால் அழுகையைச் சிரிப்புக்குத்தானே போடுதீங்க! துஷ்டின்னா கும்பிடு மட்டும் போடுங்கன்னு அத்தைக்குச் சொல்லிட்டேன். அதுல தப்பு வராது.

அப்பா கட்டைவிரல் போட்டா கோவம்னு எடுத்துக்கிடாத. பார்த்தாச்சு, சரி, அவ்வளவுதான். கனடாவுல ஒரு விவசாயி ஆளிவிதை ஒப்பந்தத்துக்குப் போட்ட கட்டைவிரலை, 2023ல கோர்ட்டே கையெழுத்தா எடுத்துக்கிட்டு நஷ்டஈடு கட்டச் சொல்லிச்சு. அப்பா போடுததும் கையெழுத்துதான். வார்த்தையில பதில் வேணும்னா கேள்வியாக் கேளு.

ஆனா நீ எனக்குப் போடுதது? ஆடி முடிஞ்சதுல இருந்து அந்த ஒரே மஞ்ச முகம். கண்ணு சுருங்காம, வாய் மட்டும் லேசா வளைஞ்சிருக்குமே, அது. சாப்பிட்டியான்னா அது. வேலை எப்படி இருக்குன்னா அது. எங்களுக்கு அது நல்ல சிரிப்பு. உள்ளுக்குள்ள சரியில்ல, மேல கேக்காதன்னா அதைத் தனியாப் போடுவாங்கன்னு தங்கச்சி சொன்னா. வேற யாரைப் பத்தியோ பேசிக்கிட்டிருந்தா. அன்னையில இருந்து எனக்கு உறக்கம் இல்ல.

தெருவுல பாதிப் பேருக்கு வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்தவன் நீ. அந்தப் பெருமையை இன்னிக்கும் சொல்லுதாங்க. உனக்குத் தெரியாம ஒரு படம் போடமாட்டே. அதான் பயமா இருக்கு.

வேலையில ஏதும் பிரச்சனைன்னா சொல்லு. வேலையே போயிட்டுன்னாலும் சொல்லு. படம் வேண்டாம், ரெண்டு வரி எழுது. குரூப்புல போடாத, எனக்குத் தனியா. ஞாயித்துக்கிழமை காலையில அப்பா உழவர் சந்தைக்குப் போயிருவாங்க. ஏழு மணிக்கு மேல கூப்பிடு.

அம்மா