மென்பொருள் உரைத்தொடருக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

பேரன்புடையீர், வணக்கம்.

மென்பொருள்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவது குறித்தும் அவற்றின் வேகம் குறித்தும் புதுச்சேரியில் எங்கள் தொழில்நுட்பப் பயனர் குழு மாதந்தோறும் நடத்திவந்த உரைத்தொடர் சென்ற ஞாயிற்றுக்கிழமை நிறைவடைந்தது. இலாசுப்பேட்டையில் தங்கள் கணினிக்கூடத்தைக் கட்டணமின்றித் திறந்துவிட்ட கல்லூரி நிர்வாகத்திற்கும், விடுமுறை நாளென்றும் பாராமல் முன்னதாகவே வந்து ஒவ்வொரு கணினியிலும் விவரங்களைச் சேமித்துத் தேடித்தரும் தரவுத்தள மென்பொருளை நிறுவி வைத்த ஆய்வக உதவியாளருக்கும், கடலூரிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் பேருந்தேறி வந்த மாணவ மாணவியருக்கும் எங்கள் முதல் நன்றி.

இந்தப் பொருளை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு எங்கள் நிலவமைப்பே காரணம். புதுச்சேரி மாவட்டம் ஒரே பரப்பாக இல்லாமல் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கிடையே துண்டு துண்டாகக் கிடக்கிறது. பாகூரில் வீடும் கடலூரில் படிப்பும், கடலூரில் வீடும் புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனையில் சிகிச்சையும் இங்கே இயல்பு. ஒரே குடும்பத்தின் விவரங்கள் இரண்டு அரசுகளின் மென்பொருள்களில் பிரிந்து இருக்கும்போது, அவை ஒன்றையொன்று புரிந்துகொள்வது எங்களுக்கு அன்றாடத் தேவை.

முதல் உரையை வழங்கிய அச்சுத்துறை நண்பருக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். விருத்தாசலம் வட்டாரத்தில் பலருக்கும் உள்ள ‘கொளஞ்சி’ என்ற பெயரை அவர் எடுத்துக்கொண்டு, அது பட்டியலில் கண்ணுக்குத் தெரிந்தும் தேடலில் அகப்படாததை எங்கள் முன்னால் செய்து காட்டினார். ஒரு மென்பொருள் அதன் ஒகரக் குறியை ஒரே யூனிகோடு எண்ணாக (யூனிகோடு என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரம்) சேமித்திருந்தது. மற்றொன்று எகரக் குறி, கால் என இரண்டு எண்களாகச் சேமித்திருந்தது. அந்த எண்களைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு எண்ணுக்கும் 3 பைட் (கணினியின் சேமிப்பு அலகு) தேவைப்படுவதால், திரையில் ஒன்றாகத் தெரிந்த அந்தப் பெயர் ஓரிடத்தில் 21 பைட்டாகவும் மற்றோரிடத்தில் 24 பைட்டாகவும் இருந்தது. இரண்டும் சமமானவை என்று யூனிகோடு தரமே வரையறுத்துள்ளது. ஆயினும் தரவை வாங்கும் மென்பொருள் அவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால் கணினி அவற்றை இரு வேறு ஆட்களாகவே எண்ணும்.

அந்தச் சீரமைப்பால் தீராதவற்றையும் அவர் மறைக்காமல் சொன்னதே எங்களுக்கு அதிகம் பயன்பட்டது. ‘கௌசல்யா’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியும் ளகர எழுத்தும் தட்டச்சாகியிருந்தால் அத்தகைய எந்தச் சீரமைப்பும் அதைத் திருத்தாது. 2005இல் யூனிகோடு 4.1இல் ‘ஶ’ சேர்ந்த பிறகு ‘ஸ்ரீ’ ஸகரத்தோடும் ஶகரத்தோடும் இரண்டு விதமாகச் சேமிக்கப்படுவதும் அவ்வாறே. இவற்றுக்குத் தனி விதிகள் எழுதி, மனிதர் ஒருவர் சரிபார்க்கத்தான் வேண்டும். அந்தச் சரிபார்ப்பைப் பொறுமையாகச் செய்து தந்த, பணி நிறைவுபெற்ற தமிழாசிரியை அம்மா அவர்களுக்கும், யாருடைய உண்மை விவரமும் வெளிப்படாதபடி கற்பனைப் பெயர்களால் மாதிரிப் பட்டியல் தயாரித்துக் கொடுத்த பள்ளி எழுத்தருக்கும் எங்கள் வணக்கம்.

இடையே எழுந்த கருத்து வேறுபாட்டுக்கும் நன்றி சொல்ல வேண்டும். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ்-16 குறியேற்றத்தில் இச்சிக்கலே எழாது என்று கடலூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் எடுத்துரைத்தார். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுடன் அதையும் ஏற்றது உண்மைதான். ஆனால் அதன் எழுத்துகள் யூனிகோடில் எந்த மொழிக்கும் ஒதுக்காமல் அவரவர் விருப்பத்துக்கு விட்டுள்ள தனியார் பயன்பாட்டுப் பகுதியில் இருப்பதால் பொதுவான மென்பொருள்கள் அவற்றைத் தமிழென்றே அறிவதில்லை. என் சாய்வு யூனிகோடு பக்கமே. எனினும் ஐயா அவர்களின் கேள்வி இல்லாமல் அந்த உரை முழுமை பெற்றிருக்காது.

வேகத்தைப் பற்றிப் பேசிய மஞ்சக்குப்பத்துச் சகோதரி அதே பெயர்ப்பட்டியலையே எடுத்துக்கொண்டது நல்ல முடிவு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில், 2020இல் வெளியான 13ஆம் பதிப்பு முதல் எழுத்து வடிவைச் சீராக்கும் வசதி தரவுத்தளத்திலேயே உள்ளது. ஆனால் ஒவ்வொரு தேடலின்போதும் பெயர் நெடுவரிசை முழுவதையும் சீராக்கச் சொன்னால் விரைந்து தேட உதவும் வழக்கமான இன்டெக்ஸ் (சுட்டுவரிசை) பயன்படாமல் அட்டவணை முழுவதும் படிக்கப்படுகிறது. சேமிக்கும்போதே ஒருமுறை சீராக்கிவிட்டு, தேடுசொல்லையும் அவ்வாறே சீராக்கினால் போதும் என்பதை தரவுத்தளம் எப்படித் தேடுகிறது என்பதைக் காட்டும் வினவல் திட்டத்தை வரி வரியாகத் திரையிட்டு விளக்கினார். மாணவர் 500 பேருக்கும் மதிப்பெண்ணைத் தரவுத்தளத்திடம் தனித்தனியாகக் கேட்டால், ஒரு கேள்விக்கு 2 மில்லிநொடி என்று வைத்தாலும் ஒரு முழு நொடி காத்திருக்க வேண்டும். இணைத்து ஒரே கேள்வியாகக் கேட்டால் அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அளந்து பார்க்காமல் எதையும் மாற்றக் கூடாது என்ற அவரது கண்டிப்பை எங்கள் குழுவின் இளையோர் இப்போது பின்பற்றுகிறார்கள்.

மருத்துவப் பதிவுகளைப் பற்றிய உரை சுருக்கமானது. 2021இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் மருத்துவப் பதிவுகளை மென்பொருள்களிடையே பரிமாறுவதற்கான எஃப்.எச்.ஐ.ஆர். தரத்தைப் பின்பற்றுகிறது, ஆயினும் இரத்தச் சர்க்கரை அளவில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமும் லிட்டருக்கு 7 மில்லிமோலும் ஒன்றே என்பது அலகோடு சேர்த்து எழுதினால்தான் கணினிக்குப் புரியும் என்று மருந்தாளுநர் ஒருவர் தம் பணியிலிருந்தே விளக்கினார். அவருக்கும், உரைகளைப் பதிவுசெய்த மாணவர்களுக்கும், தேநீர் தந்து பணம் வாங்க மறுத்த கடைக்கார அண்ணனுக்கும் நன்றி.

நிரல்களும் மாதிரிப் பட்டியல்களும் அதே கணினிக்கூடத்தில் வைக்கப்பட்டுள்ளன, எவரும் படியெடுத்துக்கொள்ளலாம். பள்ளி, சங்கம், மருந்தகம் நடத்துவோர் தம் பெயர்ப்பட்டியலைச் சீர்செய்ய விரும்பினால், முதலிரண்டு உரையாளர்களும் ஊதியமின்றி வந்து உதவ இசைந்துள்ளனர். அந்த இசைவுக்கும் சேர்த்தே இந்த நன்றி.

அன்புடன்,
ஒருங்கிணைப்பாளர்,
தொழில்நுட்பப் பயனர் குழு, புதுச்சேரி