நெட்டை அணைத்துவிட்டுத் திறந்து பார்

ஏற்காடு

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஓசூரிலேயே வேலை கிடைத்தது நல்ல சேதி, இனி மாசம் ஒரு தடவையாவது உன் கையால் சாப்பிட வருவாள். இங்கே காப்பிப் பழம் சிவந்துவிட்டது, பறிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. என் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. அதை விடு.

இணையத்தில் இருக்கும் பழைய கப்பல் பட்டியல்களை நெட் இல்லாத இடத்திலும் பார்க்கும்படி எப்படிச் சேமித்துக்கொண்டு போவது என்று கேட்டாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். தாது வருஷப் பஞ்சத்துக்கு அப்புறம் கப்பலேறிப் போன உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணனைத் தேடுகிறாய். தென்னாப்பிரிக்காவின் நேட்டால்தான் என்று உங்கள் வீட்டில் உறுதியாகச் சொல்கிறார்கள் என்றால், அங்கேயே ஆரம்பி. 1860இல் சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கினார்கள். கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் என்று வரிசையாக இருக்கும். ஒன்று கவனி: ‘சேலம் ஜில்லா’ என்று போட்டிருந்தால் அது இன்றைய சேலம் இல்லை. தருமபுரி 1965இல்தான் பிரிந்தது, நாமக்கல் 1997இல், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல். அதனால் ஆத்தூர் வரிகளை மட்டும் எடுத்துவைக்காதே, சேலம் என்று இருப்பதையெல்லாம் எடுத்துவை. நீ போய்க் காட்டப்போகும் அரூர்ப் பெரியம்மா எந்த ஊர்ப் பெயரைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவார் என்று யாருக்குத் தெரியும்?

பெரியம்மா ஊரில் டவர் இல்லை என்று எழுதியிருந்தாயே, அதனால்தான் பக்கங்களைச் சேமிப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் இலையில் ஒவ்வொன்றாக விழும் இல்லையா, இந்தக் காலத்துப் பக்கங்களும் அப்படித்தான். நீ கீழே நகர்த்த நகர்த்தத்தான் படமும் வரிகளும் வந்து சேரும். திறந்த உடனே ‘சேவ்’ கொடுத்தால் பாதி இலைதான் மிஞ்சும். கடைசிவரை மெதுவாக இறங்கிப் போய், ‘மேலும் காட்டு’ என்று இருப்பதையெல்லாம் தட்டி விரித்துவிட்டு அப்புறம் சேமி. பட்டியல் பக்கம் பக்கமாக வந்தால், ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி என்ற எண்ணிக்கையை முதலில் அதிகமாக்கிவிடு. மிச்சத்தை ஒவ்வொன்றாகத்தான் சேமிக்க வேண்டும்.

கன்ட்ரோல் எஸ் அடித்தால் ‘முழுப் பக்கம்’ என்று ஒரு வகை வரும். அது ஒரு ஃபைலும் கூடவே ஒரு ஃபோல்டருமாக இறங்கும். பென் டிரைவுக்கு மாற்றும்போது ஃபோல்டர் விட்டுப்போனால் படமெல்லாம் காலி. எனக்குப் பிடித்தது ‘சிங்கிள்ஃபைல்’ என்ற எக்ஸ்டென்ஷன், பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு சின்ன நிரல். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் போட்டுக்கொள்ளலாம். படம், எழுத்து எல்லாவற்றையும் ஒரே ஃபைலுக்குள் அடைத்துவிடும். எந்த முகவரியிலிருந்து எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் உள்ளே குறித்துவைக்கும். ஆறு மாசம் கழித்து ‘இது எங்கே கிடைத்தது’ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பிடிஎஃப் எடுத்தால் போதும் என்று உன் தம்பி சொல்வான். கடிதம், கட்டுரை என்றால் சரி. அகலமான பட்டியலில் வலது ஓரத்துப் பத்திகள் வெட்டுப்பட்டுப் போகும், ஊர்ப் பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வேறு வழியில்லை என்றால் தாளைக் குறுக்காக வைத்து, அளவைக் குறைத்து எடு.

ரொம்ப அடம் பிடிப்பது பெரிதாக்கிப் பார்க்கும் பழைய பதிவேட்டுப் படங்கள்தான். அவை சின்னச் சின்னச் சதுரத் துண்டுகளாக வருகின்றன. திரையில் தெரிகிற துண்டுகள் மட்டுமே நம் கணினிக்கு வந்திருக்கும், அதனால் சேமித்தால் சாம்பல் கட்டம்தான். டவுன்லோட் பட்டன் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று முதலில் தேடு. இல்லையென்றால் எழுத்து தெளிவாகும் அளவுக்குப் பெரிதாக்கி, ஒன்றின் ஓரம் அடுத்ததிலும் வரும்படி துண்டு துண்டாக ஸ்கிரீன்ஷாட் எடு. படத்துக்குள் பெயரைத் தேட முடியாது. உனக்கு வேண்டிய வரியை மட்டும் பக்கத்திலேயே தட்டச்சு செய்து வை. எழுத்துக்கூட்டலை மட்டும் திருத்தாதே, குமாஸ்தா எழுதியபடியே இருக்கட்டும்.

எல்லாரும் பார்க்கக்கூடிய பக்கம் என்றால் இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேர்த்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் ஒரு பிரதி போட்டுவை. லாகின் கேட்கும் பக்கங்கள் அங்கே ஏறாது. உயிரோடு இருப்பவர்களின் பெயரும் பிறந்த தேதியும் உள்ள வம்சப் பட்டியலை ஏற்றாதே. நம் வீட்டு விஷயம் ஊர் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்ததும் வைஃபையை அணைத்துவிட்டு ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார். இதைச் செய்யாமல் அரூர் பஸ் ஏறாதே. நெட் இருக்கும்போது முழுதாகத் தெரிகிற பக்கம், நெட் போனதும் வெறும் லாகின் கட்டமாக நிற்கும். அங்கே போய் அதைப் பார்த்து என்ன செய்வது?

பெரியம்மாவுக்கு லேப்டாப் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. சந்தேகப்படும் வரிகளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டு போ. அவர் சொல்வதை அந்தத் தாளின் ஓரத்திலேயே எழுது. பேசும்போது போனில் பதிவு செய்ய முதலிலேயே கேட்டுக்கொள்.

ஆத்தூர் நிலப் பத்திரத்தின் போட்டோவை எனக்கும் அனுப்பு. அதில் உள்ள ஊர்ப் பெயர்களை நான் ஒரு பக்கம் பட்டியலோடு ஒத்துப்பார்க்கிறேன்.

அன்புடன்,
வசந்தா